கடிதங்கள் திரும்பி வந்தன, விலாசங்கள் வரவில்லை

சென்ற ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் அலுவலகத்தின் இறக்குமதி மேசைக் கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை. சென்னை தம்பு செட்டித் தெருவில், மூன்றாவது மாடியில், ஐந்து பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் சிறிய கிளியரிங் அலுவலகம் எங்களுடையது; கப்பல் சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுப்பது தொழில். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார். புது டிஸ்க் மாட்டி, விண்டோஸ் ஏற்றி, அவுட்லுக்கில் மின்னஞ்சல் கணக்கையும் பாஸ்வேர்டையும் கொடுத்தபோது மணி மூன்று. காளிகாம்பாள் கோயில் நடை சாத்தித் தெருவே கொஞ்சம் அடங்கியிருந்த நேரம். மின்னஞ்சல்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. 2019-ஆம் ஆண்டு வந்த பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீது வரை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. “எல்லாம் சர்வரில்தானே இருக்கிறது? நீங்கள்தான் வீணாகப் பயந்தீர்கள்” என்றார் முதலாளி. நானும் அதை நம்பி டீ குடிக்க இறங்கினேன்.

புதன்கிழமைதான் யாரோ கேலண்டரைத் திறந்தார்கள். மாதம் முழுக்க வெள்ளைக் கட்டங்கள். எந்தக் கன்டெய்னருக்குக் கட்டணமில்லாமல் வைத்திருக்கும் இலவச நாட்கள் எப்போது முடிகின்றன, சுங்கத்துக்கு எழுதிக் கொடுத்த எந்த பாண்டு எப்போது காலாவதியாகிறது என்பதையெல்லாம் நாங்கள் அதில்தான் குறித்து வைப்பது வழக்கம். மணலியில் சி.எஃப்.எஸ். என்கிற ஒரு சரக்குப் பெட்டி நிலையத்தில் நின்றுகொண்டிருந்த இரண்டு பெட்டிகளுக்குக் கெடு முந்தைய நாளே முடிந்திருந்தது. கப்பல் நிறுவனத்தின் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டண பில் வந்த பிறகே அது எங்களுக்கு உறைத்தது. அந்தத் தொகையைக் கொடுக்க வாடிக்கையாளர் மறுத்துவிட்டார். நியாயம்தான், அது எங்கள் தலையில் விடிந்தது. முகவரிப் பட்டியலும் காலி. பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததுமே முழு விலாசத்தையும் நீட்டுகிற அவுட்லுக், முதல் நாள் வேலைக்கு வந்த பையனைப் போல விழித்தது.

காப்பு நகல் எடுப்பதற்கு எத்தனையோ வழிகள் இருக்கின்றன. எது சிறந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு நான் எந்த வழியைப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: கேலண்டரும் முகவரிகளும் இதில் காப்பாற்றப்படுமா? கடிதம் எப்படியோ தப்பித்துக்கொள்கிறது. சர்வரில் ஒரு பிரதி, அனுப்பியவரிடம் ஒரு பிரதி, நகல் போன மூன்றாமவரிடம் ஒரு பிரதி என்று அதற்குப் பல வீடுகள். கேலண்டரில் நாம் குறித்த தேதிக்கு ஒரே வீடுதான்.

அந்த வீடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அது கணக்கின் வகையைப் பொறுத்தது. கணக்கு பாப் (POP) முறையில் இருந்தால் கடிதங்களே உங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடுகின்றன. சர்வரில் ஒரு பிரதியை விட்டுவைக்கச் சொல்லும் அமைப்பு அவுட்லுக்கில் உண்டு. ஆனால் 14 நாட்களில் அதை நீக்கிவிடும்படியும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஐமேப் (IMAP) முறையில் கடிதங்கள் சர்வரில் இருக்கும், கம்ப்யூட்டரில் இருப்பது அதன் நிழல். ஏமாந்துபோவது இங்கேதான். ஐமேப் என்பது கடிதத்துக்கு மட்டுமான ஏற்பாடு. கேலண்டருக்கும் முகவரிக்கும் அதில் இடம் கிடையாது. அதனால் அவுட்லுக் அவை இரண்டையும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்கிறது. அதை மறைக்கவும் இல்லை: பட்டியலில் கேலண்டர் என்ற பெயருக்குப் பக்கத்திலேயே, ‘இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ஆறு வருடங்களாகத் தினமும் என் கண்ணில் பட்ட வரி அது.

மூன்றாவது வகை, மைக்ரோசாஃப்ட் 365 அல்லது கூகுள் வொர்க்ஸ்பேஸ் போன்ற மாதக் கட்டணக் கணக்கு. இதில் மூன்றும் சர்வரில் இருக்கின்றன. இதற்கும் குறை உண்டு, பிறகு வருகிறேன்.

இனி வழிகள். மண்ணடி, பாரிமுனை அலுவலகங்களில் காலங்காலமாக நடப்பது, அவுட்லுக்கின் பி.எஸ்.டி. கோப்பை அப்படியே ஹார்ட் டிஸ்கில் நகலெடுப்பது. கடிதம், கேலண்டர், முகவரி, செய்ய வேண்டிய பணிகள் என்று எல்லாமே அந்த ஒரே கோப்பில் அடங்கியிருக்கும். பாப் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டு அதிலிருந்து கோப்பை எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. மூடுவது முக்கியம். திறந்திருக்கும்போது நகலெடுக்க முயன்றால் கோப்பு பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி விண்டோஸ் மறுக்கும். மாலை ஆறு மணிக்கு யாரோ ஒருவர் அவுட்லுக்கை மூடாமலேயே வீட்டுக்குப் போயிருப்பார், அன்றைய நகல் அத்தோடு போயிற்று.

இந்த வழியின் எதிரி கோப்பின் பருமன். பழைய அவுட்லுக் 2002 வரை பி.எஸ்.டி. 2 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கெட்டுவிடும். 2003, 2007 பதிப்புகளில் அந்த எல்லை 20 ஜி.பி. ஆனது. 2010 முதல் 50 ஜி.பி. எங்கள் ஏற்றுமதி மேசையின் கோப்பு 31 ஜி.பி. ஒவ்வொரு இன்வாய்ஸையும் ஸ்கேன் செய்து கடிதத்தோடு இணைத்து அனுப்பினால் அப்படித்தான் ஊதும். இவ்வளவு பெரிய கோப்பைப் பழைய பென் டிரைவில் போட முயன்றால், டிரைவில் இடம் காலியாக இருக்கும்போதே ‘கோப்பு மிகப் பெரியது’ என்று தகராறு செய்யும். அந்த டிரைவ் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் போக முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றினால் தீர்ந்துவிடும். மாற்றும்போது டிரைவில் இருப்பதெல்லாம் அழியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதையோரத்தில் நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கிற 2 டெராபைட் பென் டிரைவை மட்டும் காப்பு நகலுக்கு வாங்காதீர்கள். 32 ஜி.பி. சிப்பை வைத்து 2 டெராபைட் என்று காட்டும் போலிகள் அவற்றில் உண்டு. நகலெடுக்கும்போது ஒரு முணுமுணுப்பும் இருக்காது, திறக்கும்போதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும்.

இன்னொரு வம்பு, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ். புதுக் கம்ப்யூட்டர்களில் பலவற்றில் டாக்குமென்ட்ஸ் கோப்புறையே ஒன்டிரைவுக்குள் போய்விடுகிறது. பி.எஸ்.டி.யும் கூடவே போகிறது. ஒரு கடிதம் வந்தால் கோப்பு மாறுகிறது, மாறிய கோப்பை மேலே அனுப்ப ஒன்டிரைவ் படாத பாடு படுகிறது. இலவசமாகக் கொடுத்த 5 ஜி.பி. ஒரே நாளில் நிறைந்துவிடும். பி.எஸ்.டி.யை ஒன்டிரைவிலிருந்து வெளியே எடுப்பது எப்படி என்று மைக்ரோசாஃப்டே உதவிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கோப்பை அலுவலக நெட்வொர்க்கில் பொதுவாக வைத்து அங்கிருந்தே அவுட்லுக்கில் திறப்பதும் கூடாது, கெடுவதற்கு அது நல்ல வழி. நகலைக் கொண்டுபோய் வைக்கலாம், அங்கே குடித்தனம் நடத்தக் கூடாது.

ஐமேப் கணக்கு வைத்திருப்பவருக்கு இந்த வழி பயன்படாது. 2013 முதல் அவுட்லுக் ஐமேப் கணக்குகளை ஓ.எஸ்.டி. என்ற வேறு கோப்பில் வைக்கிறது. மறைவான ஆப்டேட்டா கோப்புறைக்குள் இருக்கும் அந்தக் கோப்பு, அந்தக் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கோடு கட்டுண்டது. அதை எடுத்துக்கொண்டுபோய் வேறொரு கம்ப்யூட்டரில் அவுட்லுக்கைக் கொண்டு திறக்க முடியாது. எங்கள் மெக்கானிக் தம்பி பாதி செத்த டிஸ்கிலிருந்து எப்படியோ ஓ.எஸ்.டி. கோப்பை மீட்டுக்கொண்டு வந்தார். வீடு கையில் இருந்தது, சாவிதான் இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு உள்ள வழி எக்ஸ்போர்ட். அவுட்லுக்கின் ஃபைல் மெனுவில் திறத்தலும் ஏற்றுமதியும் என்ற பிரிவுக்குள் போய், பி.எஸ்.டி. கோப்பாக வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். பட்டியலின் உச்சியில் இருக்கும் கணக்கின் பெயரைத் தேர்ந்தெடுத்து, உட்கோப்புறைகளையும் சேர்க்கும் கட்டத்தில் டிக் செய்தால்தான் கேலண்டரும் முகவரிகளும் கூட வரும். இன்பாக்ஸை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் நானும் ஒருவன். பாஸ்வேர்டு போடச் சொல்லிக் கேட்கும். போடலாம், ஆனால் அந்தப் பாஸ்வேர்டு ஓலைக் கதவுக்குப் போட்ட பூட்டு மாதிரிதான். உடைக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு நிமிட வேலை. எக்ஸ்போர்ட்டின் பெரிய குறை, ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது. ஆள் மறந்தால் நகலும் இல்லை.

முகவரிகளை மட்டும் சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பாக எடுக்கும் வழியைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். எக்ஸெலில் திறந்து பார்க்கலாம், அச்சடிக்கலாம் என்பது அதன் கவர்ச்சி. தமிழில் பெயர் எழுதி வைப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் லாரிக்காரர்கள், கூலித் தலைவர்கள், காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்காரர்கள் பெயரெல்லாம் தமிழில்தான். ‘மணலி டிரெய்லர் அண்ணன்’ என்றால்தான் எங்களுக்கு ஆளைத் தெரியும். அவுட்லுக்கிலிருந்து சி.எஸ்.வி.யாக எடுத்துத் திறந்து பார்த்தேன். ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் முழுசாக இருந்தன. தமிழ்ப் பெயர்கள் இருந்த இடத்தில் எழுத்துக்கு ஒன்றாக வரிசையாகக் கேள்விக்குறிகள். இருபத்தேழு லாரிக்காரர்களும் ஒரே முகம். எழுத்துருவை மாற்றிப் பார்த்துப் பயனில்லை, கோப்புக்குள்ளேயே எழுத்து இல்லை, கேள்விக்குறிதான் இருக்கிறது.

கூகுளிலிருந்து எடுக்கும் சி.எஸ்.வி.யில் தமிழ் சரியாகவே இருக்கும். அதை இரட்டைச் சொடுக்கில் எக்ஸெலில் திறந்தால் சில நேரம் குப்பை எழுத்தாகத் தெரியும். அந்தக் கோலத்திலேயே சேமித்துவிட்டால் குப்பையே நிலைத்துவிடும். பிளஸ் 91 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணை எக்ஸெல் ஒரு பெரிய கூட்டுத்தொகை என்று நினைத்துச் சுருக்கிக் காட்டுவதும், 044-இன் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடுவதும் இன்னொரு வேடிக்கை. ஆகவே முகவரிகளுக்கு வி.சி.எஃப். என்ற முகவரி அட்டைக் கோப்பே மேல் என்பது என் கட்சி. கூகுள் கணக்கிலிருந்தோ கைபேசியிலிருந்தோ அதை எடுத்தால் தமிழ் பத்திரமாக இருக்கும், எந்தக் கைபேசியிலும் திறக்கும். கேலண்டருக்கு ஐ.சி.எஸ். கோப்பு. கேலண்டரைச் சி.எஸ்.வி.யாக எடுத்தால், மாதாமாதம் திரும்பி வரும்படி குறித்த நிகழ்ச்சி தனித்தனி நாட்களாக உடைந்துபோகும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று நீங்கள் சொன்ன எல்லைக்கு அப்பால் ஒன்றும் வராது.

எக்ஸ்போர்ட் செய்தவர்களும் கோட்டைவிடும் ஒன்று உண்டு. விலாசக் கட்டத்தில் இரண்டு எழுத்து அடித்ததும் கீழே விரிகிற பட்டியல் இருக்கிறதே, அது முகவரிப் புத்தகம் அன்று. நீங்கள் யாருக்கெல்லாம் எழுதினீர்கள் என்பதை அவுட்லுக் தனியாக வைத்திருக்கும் ஞாபகம். முகவரிப் பட்டியலை எக்ஸ்போர்ட் செய்தால் அது வராது. பத்து வருடங்களாக ஒருவரையும் முகவரிப் புத்தகத்தில் சேர்க்காமல் அந்த ஞாபகத்தை நம்பியே தொழில் நடத்தும் அலுவலகங்கள் எங்கள் தெருவில் மட்டும் எத்தனையோ. இந்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்கி, முக்கியமானவர்களையாவது முறையாகச் சேர்த்துவிடுங்கள். கையொப்பப் பகுதியும் ஆப்டேட்டாவுக்குள் தனிக் கோப்புறையில் கிடக்கும். போனால் பெரிய நஷ்டம் இல்லை, மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

அடுத்த கட்சி, எல்லாவற்றையும் கட்டணக் கணக்குக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பது. எங்கள் முதலாளியின் பட்டதாரி மகன் இந்தக் கட்சி. அவர் சொல்வதில் பாதி உண்மை. கம்ப்யூட்டர் எரிந்தாலும் மூழ்கினாலும், வேறு கம்ப்யூட்டரில் நுழைந்தால் கடிதம், கேலண்டர், முகவரி மூன்றும் நிற்கும். அந்தத் திங்கட்கிழமை எங்களிடம் இது இருந்திருந்தால் டிடென்ஷன் கட்டியிருக்க மாட்டோம். கைபேசியிலும் அதே கேலண்டர் தெரியும் என்பதால், கஸ்டம்ஸ் ஹவுஸில் நிற்கும் பையனுக்கும் கெடுநாள் அறிவிப்பு போய்விடும்.

மற்றப் பாதி என்னவென்றால், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருப்பது வேறு, பழையதைப் பாதுகாப்பது வேறு. கைபேசியில் ஒருவர் முகவரியை நீக்கினால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது நீங்கும். அதைத்தான் அந்த ஏற்பாடு உண்மையாகச் செய்கிறது. ஜிமெயிலில் குப்பைத் தொட்டிக்குப் போன கடிதம் 30 நாட்களில் அழியும். கூகுள் முகவரிகளை 30 நாட்களுக்குள் இருந்த நிலைக்குத் திருப்பலாம். மைக்ரோசாஃப்டின் அலுவலகக் கணக்கில், குப்பைத் தொட்டியையும் காலி செய்த பிறகு வழக்கமாக 14 நாள் அவகாசம், நிர்வாகி நினைத்தால் 30 நாள் வரை நீட்டலாம். முப்பத்தோராவது நாள் ஞாபகம் வந்தால் யாரிடமும் போய் அழ முடியாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கு இன்னும் ஆபத்தானது. மாதக் கட்டணம் வீண் என்று முதலாளி அதை நீக்கச் சொல்வார். வொர்க்ஸ்பேஸில் 20 நாட்களுக்குள், மைக்ரோசாஃப்டில் 30 நாட்களுக்குள் திரும்ப உயிர்ப்பிக்கலாம். அதற்குப் பிறகு அவர் மேசைக்கு வந்த கடிதங்கள் எல்லாம் போனவைதான்.

எங்கள் தொழிலில் இது ஞாபக மறதியோடு முடிகிற விஷயமும் இல்லை. கஸ்டம்ஸ் புரோக்கர்களுக்கான 2018-ஆம் ஆண்டு உரிம விதிகள், ஆவணங்களை ஐந்து வருடங்களாவது வைத்திருக்கச் சொல்கின்றன. ஜி.எஸ்.டி. சட்டத்தில் கணக்குகளையும் ஆவணங்களையும் ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். முப்பது நாள் குப்பைத் தொட்டியை வைத்துக்கொண்டு ஆறு வருடக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

கூகுள் கணக்குக்காரர்களுக்கு, கணக்கில் உள்ளதையெல்லாம் இறக்கித் தரும் டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது. கடிதங்கள் எம்பாக்ஸ் கோப்பாகவும், கேலண்டர் ஐ.சி.எஸ். ஆகவும், முகவரிகள் வி.சி.எஃப். ஆகவும் மொத்தமாக ஜிப்பில் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று ஒரு வருடத்துக்குத் தானாகவே தயாரித்துக் கொடுக்கும்படியும் சொல்லி வைக்கலாம். தயாரானதும் இணைப்பு வரும், ஒரு வாரத்துக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். எம்பாக்ஸை அவுட்லுக் நேரடியாகத் திறக்காது, தண்டர்பேர்டு என்ற இன்னொரு மின்னஞ்சல் மென்பொருளின் தயவு வேண்டும். இரண்டு மாத இடைவெளி பெரியதுதான், ஆனால் ஒரு காசும் செலவில்லாத இரண்டாவது அரண் என்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தண்டர்பேர்டைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசம். அதன் புரொஃபைல் கோப்புறை ஒன்றை நகலெடுத்தால் கடிதம், முகவரி, கேலண்டர், கணக்கு அமைப்புகள் எல்லாம் வந்துவிடும். இன்னொரு கம்ப்யூட்டரில் வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கருவிகள் பட்டியலில் எக்ஸ்போர்ட் வசதியும் இருக்கிறது, 2 ஜி.பி.க்கு உட்பட்ட புரொஃபைலுக்கு மட்டும். கூகுள் கேலண்டரையும் முகவரிகளையும் நேரடியாக இணைத்துக்கொள்கிறது. நேர்மையாகச் சொன்னால், புதிதாகத் தொடங்கும் அலுவலகமாக இருந்தால் இதைத்தான் போடச் சொல்வேன். எங்கள் ஆட்கள் இருபது வருடங்களாக அவுட்லுக்கில் விரல் பழகியவர்கள், மாற்றச் சொன்னால் என்னை மாற்றிவிடுவார்கள்.

365 கணக்கையோ கூகுள் கணக்கையோ இன்னொரு நிறுவனத்தின் இணையச் சேமிப்பில் தினமும் நகலெடுத்து வைக்கும் கட்டணச் சேவைகளும் உண்டு. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்துக்கு அது சரி. ஐந்து பேருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கொடுப்பதற்கு முதலாளி சம்மதிக்க மாட்டார், நானும் கேட்கவில்லை.

நகலை எடுப்பதோடு அதை எங்கே வைப்பது என்பதிலும் ஒப்பீடு இருக்கிறது. கம்ப்யூட்டரின் டி டிரைவில் வைப்பது நகலே இல்லை, பெரும்பாலும் இரண்டு டிரைவும் ஒரே டிஸ்கின் இரண்டு அறைகள். டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் படித்துக்கொள்ளலாம் என்ற பழைய தைரியமும் இப்போது செல்லாது. விண்டோஸ் 11 வரும் பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் திறக்காது. எப்போதும் சொருகியே இருக்கும் வெளி டிஸ்க் அதைவிடக் கொஞ்சம் தேவலை. ஆனால் பணயம் கேட்கும் வைரஸ் நுழைந்தால் சொருகியிருக்கும் எதையும் விட்டுவைக்காது.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கி, மெர்ஸ்க் என்ற உலகப் பெரும் கப்பல் நிறுவனம் முடங்கியது. நவி மும்பையில் உள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய முனையமும் அதில் மாட்டிக்கொண்டது. உலகம் முழுக்க ஒன்றுக்கொன்று நகலாக ஓடிக்கொண்டிருந்த அவர்களுடைய முக்கிய சர்வர்கள் ஒரே நேரத்தில் அழிந்துபோயின. ஒன்று மட்டும் தப்பியது, ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில். அந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு, அதனால் வைரஸ் அதைத் தொட முடியவில்லை. அதிலிருந்துதான் மொத்தத்தையும் மறுபடி கட்டினார்கள். மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டே வளர்ந்த வடசென்னைக்காரனுக்கு இந்தக் கதையில் ஒரு தனி இன்பம் உண்டு. நகலுக்கு மின்வெட்டை நாமே ஏற்படுத்திக்கொள்ளலாம்: வேலை முடிந்ததும் வயரைப் பிடுங்கினால் போதும்.

பிடுங்கிய டிஸ்க் அதே மேசை இழுப்பறையில் கிடந்தால் தீயும் திருடனும் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார்கள். தரைத்தள அலுவலகமாக இருந்தால் வெள்ளமும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலி பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்ததை மறக்க முடியுமா? கீழே வைத்திருந்த சி.பி.யு.வுக்குள் எண்ணெய் கலந்த சேறு புகுந்தால் எந்த மெக்கானிக்கும் கையை விரிக்க வேண்டியதுதான்.

எங்கள் அலுவலகத்தில் கடைசியில் இப்படி முடிவு செய்தோம். கேலண்டரையும் முகவரிகளையும் ‘இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்’ என்ற சிறையிலிருந்து எடுத்து, மூன்றையும் சர்வரில் வைக்கும் கட்டணக் கணக்குக்கு மாற்றிவிட்டோம். ஐந்து பேருக்கும் இல்லை, கெடுநாள் பார்க்கும் இரண்டு மேசைகளுக்கு மட்டும். மற்ற மூவருக்கும் பழைய ஐமேப் போதும், அவர்கள் அந்த இருவரின் கேலண்டரைப் பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மதியம் ஐந்து கம்ப்யூட்டர்களிலிருந்தும் பி.எஸ்.டி. எக்ஸ்போர்ட், கூடவே முகவரிகளுக்கு வி.சி.எஃப். வெளி டிஸ்க் இரண்டு வாங்கினோம். ஒன்று அலுவலகத்தில், ஒன்று என் வீட்டில், வாராவாரம் இடம் மாறும். பாப் கணக்கு வைத்திருப்பவர் என்றால் கட்டணக் கணக்குக்குப் போகாமல் கோப்பு நகலோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் வாரம் ஒரு முறை போதாது, தினமும் எடுக்க வேண்டும். அவரிடம் சர்வர் என்ற இரண்டாவது வீடே இல்லை. எல்லாம் ஏற்கனவே கூகுளில் இருந்தால் டேக்அவுட் போதும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டதால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், பழையதை எடைக்குப் போடுவதற்கு முன் எக்ஸ்போர்ட்டை முடித்துவிடுங்கள். புதிய அவுட்லுக்கில் பழையதன் வசதிகள் எல்லாம் இருக்கும் என்று நம்பி மாறிவிட வேண்டாம்.

டிஸ்கில் வாடிக்கையாளர்களின் பான் எண், இறக்குமதி உரிமம், கையெழுத்து எல்லாம் இருப்பதால் அதை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டி வைத்திருக்கிறேன். பூட்ட விண்டோஸ் புரோ பதிப்பு வேண்டும், திறக்க எந்தப் பதிப்பும் போதும். திறவுச் சொல் ஒரு தாளில், முதலாளியின் இரும்புப் பெட்டியில். சனிக்கிழமை மாலை மண்ணடி மெட்ரோவில் ஏறித் தண்டையார்பேட்டையில் இறங்கும்வரை டிஸ்க் என் சாப்பாட்டுப் பையில் இருக்கும். என் வீடு தரைத்தளம், மழைக்காலத்தில் வாசற்படி வரை தண்ணீர் வரும். அதனால் அதைப் பரணில் கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

நகல் எடுத்ததோடு சரி, திறந்து பார்ப்பவர் கிடையாது. எங்களுக்கும் அது ஆயுதபூஜை வரை தோன்றவில்லை. அன்றைக்குக் கம்ப்யூட்டர்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, வேறு வேலையில்லாத ஒரு மணி நேரத்தில், பரணிலிருந்து எடுத்து வந்த டிஸ்க்கை வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். அதுவரை அந்த டிஸ்க் பார்த்திராத கம்ப்யூட்டர் அது. அவுட்லுக்கில் பி.எஸ்.டி.யைத் திறந்து கேலண்டரைப் பார்த்தேன். புரட்டாசி மாதக் கட்டங்கள் நிறைய எழுத்து இருந்தது. பிறகு முகவரிகளில் ‘மணலி’ என்று தமிழில் தேடினேன். கேள்விக்குறி ஒன்றும் இல்லை. டிரெய்லர் அண்ணன் தன் இரண்டு எண்களோடும் அங்கே இருந்தார். பொரியும் கடலையும் சாப்பிட வரச் சொல்லி அவருக்கே போன் செய்தேன்.